பதினோரு ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் 1911

டெக்சாஸில் கைத்துப்பாக்கி உரிமம் பெற்ற புதிதில் நான் வாங்கியது, இங்கே எல்லோரும் ‘நைன்டீன் லெவன்’ என்று அழைக்கும் 1911 வகைப் பிஸ்டல்தான். தோட்டாக்கள் இல்லாமலேயே 1.1 கிலோ இருந்த அந்த முழு எஃகுத் துப்பாக்கியை இரண்டு கோடைகாலம் இடுப்பில் சுமந்து அலுத்துப்போய், பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, க்ளாக் 19 என்ற வேறு வகைப் பிஸ்டலுக்கு மாறினேன். பதினோரு ஆண்டுகள் கழித்துச் சென்ற ஆண்டு மீண்டும் பழைய வடிவத்துக்கே திரும்பினேன். திரும்புவதற்கு ஆறு மாதங்கள் பிடித்தன; அவற்றில் பெரும்பகுதியை என் வலது கட்டைவிரலே எடுத்துக்கொண்டது.

க்ளாக் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. நண்பர் ஒருவரின் 1911-ஐப் பயிற்சிக் களத்தில் சுட்டுப் பார்த்தபோது, ஏழு கஜத் தொலைவில் என் குண்டுகள் விழுந்த வட்டம் பாதியாகச் சுருங்கியதே காரணம். சுடுவதற்கு விரலால் இழுக்கும் அதன் விசை, அச்சில் தொங்கி ஆடாமல், நேர்கோட்டில் பின்னோக்கி நகர்வது; சிறிது நகர்ந்ததும் தயக்கமின்றி விடுபடுவது. பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டியான மேகசினில் தோட்டாக்கள் ஒற்றை வரிசையில் அடுக்கப்படுவதால் பிடி மெலிந்திருக்கும். சட்டைக்குள் மறைத்து வைப்பவருக்கு எடையைவிடத் தடிமனே பெரிய தொல்லை என்பதை முதல் முறை நான் கவனிக்கத் தவறியிருந்தேன்.

ஜான் பிரவுனிங் வடிவமைத்த இந்தத் துப்பாக்கி, ஆறாயிரம் தோட்டாக்களைச் சுட்டுப் பார்த்த சோதனையைக் கடந்து, 1911 மார்ச் 29 அன்று அமெரிக்க ராணுவத்தில் ஏற்கப்பட்டது. ஆனால் அது படைவீரர் வெளிப்படையாகத் தொங்கவிட்ட தோலுறைக்குப் பிறந்தது. ஆகவே இம்முறை, இரண்டாம் உலகப் போருக்குப் பின் கோல்ட் நிறுவனம் குறுக்கி உருவாக்கிய கமாண்டர் அளவைத் தேர்ந்தேன்: 4.25 அங்குலக் குழல், அலுமினிய உடல், எடை சுமார் 800 கிராம், .45 தோட்டா.

இந்தத் துப்பாக்கியை, குழலின் பின்முனை அறையில் தோட்டா, பின்னுக்கு இழுத்த ஹேமர் (சுடும்போது முன்னோக்கி அடிக்கும் சுத்தியல்), பூட்டிய நிலைக்கு மேலே தள்ளிய சேஃப்டி (தவறிச் சுடாமல் தடுக்கும் பூட்டு) என்ற நிலையில்தான் எடுத்துச் செல்ல வேண்டும். பார்ப்பவருக்கு இது அச்சமூட்டும்; என் மனைவி முதல் நாள் அந்த ஹேமரைப் பார்த்துவிட்டு, அதை வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது என்றார். கட்டைவிரல் சேஃப்டி ஒன்று, உள்ளங்கை அழுத்தினால் மட்டுமே விசையை விடுவிக்கும் பிடிச் சேஃப்டி ஒன்று என இரண்டு தடைகள் இருப்பதை, தோட்டா நீக்கிய துப்பாக்கியில் செய்து காட்டிய பிறகே அவர் சமாதானமடைந்தார்.

சிக்கல் என்னிடம் இருந்தது. க்ளாக்கில் கையால் இயக்க வேண்டிய சேஃப்டி கிடையாது. பதினோரு ஆண்டுகள் அதற்குப் பழகிய கை, உறையிலிருந்து எடுத்ததும் விசையைத் தேடியதே தவிர, சேஃப்டியை நினைக்கவில்லை. நான்காவது முறை களத்துக்குச் சென்றபோது, நேரங்காட்டி ஒலித்ததும் எடுத்துக் குறிவைத்து அழுத்தினேன், ஒன்றும் நடக்கவில்லை. உண்மையான ஆபத்தில் அந்த ஒரு நொடி என்னவாகியிருக்கும் என்ற நினைப்பே அன்றிரவு முழுவதும் இருந்தது. அதன்பின் தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, துப்பாக்கியின் தோட்டா அறை காலியாக இருப்பதை இருமுறை சரிபார்த்து, தினமும் ஐம்பது முறை எடுத்துப் பழகினேன். கட்டைவிரல் சேஃப்டியின் மேலேயே தங்கும் வழக்கம் வந்தது. ஆனால் விரல் உயர்ந்ததில் உள்ளங்கை சற்று விலகி, பிடிச் சேஃப்டி அழுந்தாமல் மீண்டும் விசை இறுகிப்போனது! கீழ்ப்பகுதி புடைத்திருக்கும் பிடிச் சேஃப்டியை மாற்றிப் பொருத்திய பிறகே அது தீர்ந்தது.

அடுத்தது எக்ஸ்ட்ராக்டர். சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூட்டை அறையிலிருந்து இழுக்கும் இந்தக் கொக்கி, 1911-இல் தானே வில்லாகவும் செயல்படும் ஒரே எஃகுத் துண்டு. அதன் வளைவு சரியாக இல்லாவிட்டால் கூடு வெளியேறாமல் சிக்கிக்கொள்ளும். துப்பாக்கியைச் சீரமைக்கும் கடையொன்றில் பணம் கட்டி, ‘சரியாகிவிட்டது’ என்ற உறுதியுடன் வாங்கி வந்தேன். முதல் மேகசினிலேயே மூன்றாவது கூடு சிக்கியது. வேறொருவர் கொக்கியைக் கழற்றி, வளைவைச் சிறிது சிறிதாகத் திருத்தி, ஒவ்வொரு முறையும் சோதித்துக் கொடுத்தார். பழைய மேகசின்களையும் தூக்கி எறிந்தேன். உருண்டை முனைத் தோட்டாவை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட அவற்றின் மேல்விளிம்பு உதடுகள், முனையில் குழியுள்ள குழிமுனைத் தோட்டாவைச் சரியான கோணத்தில் ஏற்றவில்லை. புதிய மேகசின்களுடன் இருநூறு குழிமுனைத் தோட்டாக்கள் தடையின்றி ஓடிய பின்னரே உறையில் வைத்தேன்.

உறையும் பெல்ட்டும் எளிதாக அமைந்தன. பெல்ட் விறைப்பாக இருந்தால் எடை தெரிவதில்லை. 2021 செப்டம்பர் முதல் இங்கே 21 வயது நிறைந்த பெரும்பாலோருக்கு உரிமம் கட்டாயமில்லை என்றாலும், பிற மாநிலங்களுக்குச் செல்லும்போது உதவும் என்பதால் என்னுடையதைப் புதுப்பித்தே வருகிறேன்.

க்ளாக்கில் பதினைந்தாக இருந்த தோட்டாக்கள் இப்போது எட்டுதான்; மற்றொரு மேகசினை இடப்பக்கம் வைத்திருக்கிறேன். மாதக்கணக்கில் பயிற்சி செய்யாதவருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அத்தகையவருக்கு க்ளாக்கே மேல். காலையில் சேஃப்டியை மேலே தள்ளும் ‘டிக்’ ஓசை கேட்டும், சமையலறையிலிருந்து மனைவி “லாக் போட்டாச்சா?” என்று இன்னமும் கேட்கிறார்.