முதல் சுற்றிலேயே நான்கு கிக்கர்கள்

போன சனிக்கிழமை இரவு என் அமெரிக்கன் ஃபுட்பால் சிமுலேஷன் லீகில் டிராஃப்ட் (அணிகள் முறை வைத்துச் சுற்றுச் சுற்றாகப் புது வீரர்களை எடுப்பது) ஓடவிட்டேன். 32 அணிகளையும் கணினியேதான் நடத்துகிறது. முதல் சுற்றில் நான்கு அணிகள் கிக்கரை எடுத்திருந்தன! எப்போதாவது உள்ளே வந்து பந்தை உதைத்துவிட்டு மறுபடி பெஞ்சில் போய் உட்காருகிற ஆளுக்கு முதல் சுற்றா? அமெரிக்காவின் நிஜ ஃபுட்பால் லீகான என்எஃப்எல்லிலும் நடந்திருக்கிறது, இல்லாமல் இல்லை. 2000-இல் ஓக்லாந்து ரெய்டர்ஸ் செபாஸ்டியன் ஜானிகௌஸ்கியை 17-ஆவதாக எடுத்தார்கள். ஆனால் ஒரே ராத்திரியில் நான்கு என்றால் தப்பு நான் எழுதிய கணினிக் கோடில்தான்.

தேடியதில் கிடைத்தது இது. கிக்கருக்கு நான் வைத்திருந்தது இரண்டே திறன், கால் பலமும் குறியும். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற குவார்ட்டர்பேக்குக்கு ஒன்பது. எல்லாவற்றையும் கூட்டி வகுத்து மொத்த ரேட்டிங் போட்டிருந்தேன். இரண்டு எண் சேர்ந்து உயரமாக அமைவது சுலபம், ஒன்பதும் அப்படி அமையாது, எங்கேயோ ஒன்று கீழே இழுத்துவிடும். அதனால் லீகின் சிறந்த குவார்ட்டர்பேக் 81, ஏதோ ஒரு கிக்கர் 96. கணினி பெரிய எண்ணைப் பார்த்து எடுத்தது, அதைக் குறை சொல்ல முடியாது.

சரி, ரேட்டிங்கை அந்தந்த பொசிஷனுக்குள் யார் எத்தனையாவது என்று மாற்றினேன். அப்போதும் முதல் இடத்துக் கிக்கரும் முதல் இடத்துக் குவார்ட்டர்பேக்கும் சமமாக நின்றார்கள்.

அப்புறம்தான் உருப்படியாக ஒன்று செய்தேன். எல்லா வீரர்களுக்கும் 70 கொடுத்து, ஒரே அணியில் ஒரே பொசிஷனை மட்டும் 90 ஆக்கி, 17 ஆட்டங்களில் பாதியான 8.5-க்கு மேல் எத்தனை வெற்றி கூடுகிறது என்று பார்ப்பது. முதலில் 20 சீசன் ஓட்டினேன், எதிரணியின் பாஸைத் தடுக்கிற கார்னர்பேக்கை விட, பந்தை எதிரணிப் பக்கம் தூர உதைத்துத் தள்ளுகிற பன்ட்டர் முக்கியம் என்று வந்தது. சமபலமுள்ள அணிக்கே 17 ஆட்டங்களில் அதிர்ஷ்டத்தால் இரண்டு வெற்றி ஏறும், இறங்கும். 20 சீசன் சராசரியிலும் கிட்டத்தட்ட அரை வெற்றி பிசகும், அதை வைத்துக்கொண்டு எதையும் சொல்லக் கூடாது. 500 ஆக்கினேன். லேப்டாப் ஃபேன் விடிய விடிய அலறியது, பன்ட்டர் இறங்கினார்.

இப்போது பட்டியலின் உச்சியில், பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ரன்னிங் பேக். அதுவும் குவார்ட்டர்பேக்குக்கு மேலே! ஒருவர் ஒரே சீசனில் 2,600 கெஜம் ஓடியிருந்தார். நிஜத்தில் 1984-இல் எரிக் டிக்கர்சன் 16 ஆட்டங்களில் ஓடிய 2,105-தான் சாதனை. இதற்குத்தான் இரண்டு வாரம் போனது. குவார்ட்டர்பேக்கைக் காத்து, ஓடுகிறவருக்கு வழி திறக்கிற முன்வரிசையின் ஐந்து பேரையும் சராசரி எடுத்து ஒரே சுவராக வைத்திருந்தேன். அதில் இடது ஓரத்தில் நிற்கிற லெஃப்ட் டேக்கிளை 40-க்கு இறக்கினாலும் மற்ற நால்வரும் 70 என்பதால் சுவர் 64-இல் நின்றது. எதிரே, குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாய்கிற 90 ரேட்டிங் டிஃபென்சிவ் எண்ட் நின்றால் அந்த நாற்பது ஒவ்வொரு பாஸிலும் மல்லாந்து விழுந்திருக்க வேண்டாமா? போதாததற்கு, வழி திறந்ததோ இல்லையோ ரன்னிங் பேக்கின் ரேட்டிங்கைக் கெஜத்தோடு பெருக்கிக்கொண்டிருந்தேன். இப்போது ஆளுக்கு ஆள் மோதல். முதல் சில கெஜத்தை முன்வரிசை தீர்மானிக்கும், அதைத் தாண்டினால்தான் ஓடுகிறவரின் திறமைக்கு வேலை. பட்டியலில் லெஃப்ட் டேக்கிள் குவார்ட்டர்பேக்குக்கு அடுத்து வந்து நின்றதைப் பார்த்தபோது நிஜமாகவே கை தட்டினேன், வீட்டில் எட்டிப் பார்த்தார்கள்.

இன்னொரு கோளாறு மிச்சம். கடைசியில் நின்று காக்கிற சேஃப்டியை, முன்னால் போய் மோதுகிற லைன்பேக்கராக மாற்றினால் 91 காட்டுகிறது, ஏனென்றால் அந்தச் சூத்திரத்தில் வேகம்தான் பாதி, உடல் எடை என்று ஒன்றே இல்லை. 200 பவுண்டு ஆள் எதிரணி முன்வரிசையின் 310 பவுண்டு கார்டை எதிர்கொண்டு நிற்கிறார், என் கோடுக்கு அது தெரியவில்லை. எடையைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

நேற்று மறுபடி டிராஃப்ட். முதல் கிக்கர் போனது ஐந்தாம் சுற்றில். ஒரு அணி மட்டும் அடுத்தடுத்து இரண்டு பன்ட்டர்களை எடுத்திருக்கிறது.