கைப்பேசி எடுத்துக்கொண்ட வெறும் நேரம்

இணையம் நம்மை என்ன செய்துவிட்டது என்ற பேச்சு வந்தாலே அது மணிக்கணக்கில் போய் நின்றுவிடுகிறது. பிள்ளை நாள் முழுவதும் கைப்பேசியும் கையுமாக இருக்கிறான் என்று பெற்றோர் குறைப்படுகிறார்கள். அலுவலகம் முடிந்து வந்ததும் அதையேதான் நாமும் செய்கிறோம் என்று சிலர் ஒப்புக்கொள்கிறார்கள். பல ஆண்டுகளாகப் பள்ளியில் கணக்குப் பாடம் நடத்திவரும் எனக்கு, இந்த நீண்ட நேரங்களைவிட, மிகச் சிறிய நேரங்கள் காணாமல் போனதே பெரிய இழப்பாகத் தெரிகிறது. பேருந்துக்கு நிற்கும் பத்து நிமிடம், ரேஷன் கடை வரிசை, குக்கர் விசில் வரும்வரை அடுப்படியில் நிற்கும் நேரம், படுத்தபின் கண் சொருகும்வரையுள்ள நேரம் என்று ஒரு நாளில் எத்தனையோ இடைவெளிகள் இருந்தன. அவற்றில் நாம் எதுவும் செய்ததில்லை என்றுதான் நினைத்திருந்தோம். மனம் அப்போதும் வேலை செய்துகொண்டுதான் இருந்தது.

மூளை ஆய்வும் இதையே சொல்கிறது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நரம்பியல் அறிஞர் மார்கஸ் ரெய்க்லும் அவருடைய குழுவினரும், வெளி வேலை எதிலும் கவனம் செலுத்தாமல் ஒருவர் சும்மா இருக்கும்போது மூளையின் சில பகுதிகள் கூடுதலாக இயங்குவதை 2001இல் விளக்கி எழுதினார்கள். நடந்ததை நினைத்துப் பார்ப்பது, நடக்கப்போவதை எண்ணிப் பார்ப்பது, அடுத்தவர் மனத்தில் என்ன ஓடுகிறது என்று ஊகிப்பது ஆகியவற்றோடு இந்தப் பகுதிகளுக்குத் தொடர்பு உண்டு என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. காலையில் மனைவியிடம் கடுமையாகப் பேசிவிட்டவருக்கு அது தவறு என்று உறைப்பது, பெரும்பாலும் இப்படி வெறுமனே நிற்கும் ஏதோ ஒரு வேளையில்தான்.

என் வகுப்பறையில் நான் நேரில் பார்ப்பதைச் சொல்கிறேன். பத்தாம் வகுப்பு முக்கோணவியலில், இரண்டு பக்கமும் சமம் என்று நிரூபிக்கச் சொல்லும் கணக்குகள் உண்டு. சீக்கன்ட் (sec), டேன்ஜெண்ட் எல்லாவற்றையும் சைன், கொசைன் ஆக மாற்றி எழுதிய பிறகு, எதை எதோடு சேர்ப்பது, எங்கே பின்னத்தின் கீழே உள்ள பகுதியை விகிதமுறு ஆக்குவது என்று புரியாமல் மாணவர் நிற்கும் இடம் ஒன்று வரும். அந்த இடம்தான் கணக்கின் உயிர். முன்பெல்லாம் அங்கே நின்றுவிட்ட பிள்ளைகளில் ஓரிருவர் மறுநாள் காலையில் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, “சார், பஸ்ல வரும்போது தோணுச்சு சார்” என்று சொல்வார்கள். அவர்கள் ஜன்னலோரம் உட்கார்ந்து வேறெதையோ பார்த்துக்கொண்டிருந்தபோதும் அந்தக் கணக்கு உள்ளே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. இப்போது அப்படி நின்ற மறுநிமிடமே யூடியூபில் விடை கிடைத்துவிடுகிறது. டியூஷனுக்குப் பணம் கட்ட வழியில்லாத வீட்டுப் பிள்ளைக்கும் அந்தக் காணொளி கிடைக்கிறது என்பது மிகப் பெரிய நன்மை. அதை ஒருபோதும் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் விடை தெரியாமல் சிறிது நேரம் இருக்கப் பழகும் வாய்ப்பு அந்தப் பிள்ளைக்கு இல்லாமல் போகிறது. நன்றாகப் படிக்கும் மாணவி ஒருத்தியிடம் இதைப் பற்றிப் பேசியபோது, “சும்மா இருந்தா என்னமோ மாதிரி இருக்கு சார்” என்றாள். அவள் சொன்னதில் பொய்யே இல்லை.

அந்த ‘என்னமோ மாதிரி’ கைப்பேசியோடு பிறந்ததும் இல்லை. உளவியலாளர் திமோதி வில்சனும் அவருடைய குழுவினரும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்களை ஒரு வெற்று அறையில் தனியே உட்காரவைத்து, பதினைந்து நிமிடம் எதையாவது நினைத்துக்கொண்டிருங்கள் என்றார்கள். பக்கத்தில் இருந்த பொத்தானை அழுத்தினால் மின்னதிர்ச்சி அடிக்கும். அந்த அதிர்ச்சியைத் தவிர்க்கப் பணம்கூடக் கொடுப்போம் என்று முன்பே சொல்லியிருந்தவர்களில், 18 ஆண்களில் 12 பேரும் 24 பெண்களில் 6 பேரும் ஒருமுறையேனும் தாங்களே அதை அழுத்திக்கொண்டார்கள். தன் மனத்தோடு தனியே இருப்பது மனிதருக்கு எப்போதுமே கடினமாகத்தான் இருந்திருக்கிறது. முன்பு வேறு வழியில்லாததால் அதைப் பொறுத்துக்கொண்டோம். பொறுத்துக்கொண்டதில் பலனும் கண்டோம். இப்போது அந்தச் சங்கடத்திலிருந்து தப்பும் வழி சட்டைப் பையிலேயே இருக்கிறது.

அந்த வழியைத் திறந்து வைத்திருப்பவர்களுக்கு அதுவே தொழில். ஒரு பக்கம் முடிந்து அடுத்த பக்கம் போக வேண்டுமென்றால், போதும் என்று நினைக்க நமக்கு ஒரு நொடியாவது கிடைக்கும். கீழே தள்ளத் தள்ள முடிவே இல்லாமல் வந்துகொண்டிருக்கும் முறையை 2006இல் வடிவமைத்த அசா ராஸ்கின், பிற்பாடு அதற்காக வெளிப்படையாகவே வருத்தம் தெரிவித்தார். எப்போது பலன் கிடைக்கும் என்று தெரியாதபோதுதான் உயிர்கள் விடாமல் முயன்றுகொண்டே இருக்கும் என்பதை, புறாக்களைக் கொண்டு உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் செய்த சோதனைகள் எப்போதோ காட்டிவிட்டன. பத்து ரீல்ஸ் சப்பென்று போய்ப் பதினொன்றாவது சிரிக்கவைத்தால், அடுத்த பத்துக்கும் நாம் தயாராகிவிடுகிறோம்.

நம் நாட்டில் இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. 2016 செப்டம்பரில் ஜியோ வரும்வரை ஒரு ஜிபி டேட்டாவுக்கு இருநூறு ரூபாய்க்கு மேல் கொடுத்து, அதைச் சிக்கனமாகச் செலவிட்டோம். பிறகு நாளொன்றுக்கு இவ்வளவு என்ற திட்டங்கள் பரவின. மிச்சம் வைத்தால் நள்ளிரவோடு போய்விடும். காசு கொடுத்து வாங்கியதை வீணாக்கக் கூடாது என்று வளர்க்கப்பட்ட நாம், தூக்கத்தைச் செலவழித்து அந்த மிச்சத்தைத் தீர்க்கிறோம். மாதத்துக்கு மொத்தமாக இவ்வளவு என்று விற்றிருந்தால், இரவு பதினொரு மணிக்கு நம் வீடுகள் இன்னும் கொஞ்சம் அமைதியாக இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

கவனம் சிதறுவதை அளந்தவர்களும் இருக்கிறார்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் குளோரியா மார்க் 2004 வாக்கில் பார்த்தபோது, கணினித் திரையில் ஒன்றைப் பார்ப்பவர் சராசரியாக இரண்டரை நிமிடம் அதிலேயே நின்றார். அண்மை ஆண்டுகளின் கணக்கில் அது 47 நொடியாகக் குறைந்துவிட்டது. பயன்படுத்தாத கைப்பேசிகூடக் கவனத்தை இழுக்கிறதா என்பதை ஏட்ரியன் வார்ட் குழுவினர் 2017இல் வெளியிட்ட ஆய்வில் சோதித்தார்கள். ஒலியை அணைத்த கைப்பேசியை மேசைமேல் வைத்திருந்தவர்களைவிட, அடுத்த அறையில் விட்டுவிட்டு வந்தவர்கள் சோதனைகளை நன்றாகச் செய்தார்கள். பிறகு வந்த எல்லா ஆய்வுகளும் இதே அளவு வேறுபாட்டைக் காட்டவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். என் அனுபவத்தில், விடைத்தாள் திருத்தும்போது கைப்பேசி வேறு அறையில் இருந்தால், ஒரே தாளை இரண்டாம் முறை புரட்டிப் பார்க்கும் தேவை வெகுவாகக் குறைகிறது.

இடைவெளி இல்லாமல் போனதால் வரும் கேடு சில நேரங்களில் உயிரையே எடுத்துவிடுகிறது. 2018 மே மாதம், குழந்தை கடத்தும் கும்பல் உலவுகிறது என்ற வதந்தி வாட்ஸ்அப்பில் பரவிக்கொண்டிருந்த நாட்களில், குலதெய்வக் கோயிலுக்குப் போவதற்காகச் சென்னையிலிருந்து திருவண்ணாமலை மாவட்டத்துக்கு உறவினர்களோடு வந்த ஒரு மூதாட்டியை ஊர் கூடி அடித்தே கொன்றது. குழந்தைகளுக்கு அவர் சாக்லேட் கொடுத்ததுதான் சந்தேகத்துக்குக் காரணமானது. அந்தச் செய்தியை அனுப்பியவர்களில் பலர் பிள்ளைகள் மீதுள்ள அக்கறையால்தான் அனுப்பியிருப்பார்கள். கேட்டதைச் சொல்வதற்கு முன், இது உண்மையா என்று தோன்றுவதற்கு ஒரு நடை தூரமாவது வேண்டும். தெருமுனைவரை நடந்து போய்ச் சொல்ல வேண்டியிருந்த காலத்தில் அது இருந்தது. அதே ஆண்டு ஜூலையில், இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் முன்னனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் வரம்பு வைத்தது. அந்தத் தயக்கத்தை, இப்படிப் பல உயிர்கள் போன பிறகு, செயற்கையாகத் திரும்பக் கொண்டுவர வேண்டியிருந்தது.

மன உறுதி இருந்தால் போதும், கைப்பேசியைத் தூக்கி வைத்துவிடலாம் என்று சொல்வோரோடு எனக்கு உடன்பாடில்லை. ஆசிரியர்களுக்கான சுற்றறிக்கை இரவு ஒன்பதரைக்கு வாட்ஸ்அப் குழுவில் வருகிறது. காலையில் அதற்குரிய விவரத்தை அனுப்பியிருக்க வேண்டும். பிள்ளைகளுக்கான வீட்டுப்பாடமும் குழுவில்தான் வருகிறது. இந்த நிலையில் ஒருவர் மட்டும் விலகியிருந்தால், அவர் பொறுப்பற்றவர் என்றே பெயர் வாங்குவார். எல்லோரும் சேர்ந்து விலகினால்தான் யாருக்கும் இழப்பில்லை.

மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டத்தில் மோஹித்யான்சே வட்காவ் என்ற கிராமத்தார் 2022இல் அப்படித்தான் முடிவெடுத்தார்கள். மாலை ஏழு மணிக்குக் கோயிலிலிருந்து சைரன் ஒலித்ததும், அடுத்த ஒன்றரை மணி நேரம் கைப்பேசியையும் தொலைக்காட்சியையும் அணைத்துவிடுவது என்று கிராமசபையில் பேசி ஏற்றுக்கொண்டார்கள். பிள்ளைகள் படிக்கவும் பெரியவர்கள் பேசவும் அந்த நேரம் கிடைத்தது. எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் அணைவதால், நமக்குத் தெரியாமல் எதுவோ நடந்துவிடும் என்ற பதற்றம் யாருக்கும் இல்லை.

எங்கள் பள்ளியில் இதை வேறு விதமாகத் தொடங்கியிருக்கிறோம். மாலை ஏழு மணிக்குப் பிறகு வீட்டுப்பாடத்தைக் குழுவில் போடுவதில்லை. வகுப்பிலேயே கரும்பலகையில் எழுதி, நோட்டில் குறித்துக்கொள்ளச் சொல்கிறோம். முக்கோணவியல் கணக்குக்கு மறுநாள் மதியம்வரை விடை சொல்வதில்லை என்று பிள்ளைகளிடமே பேசி வைத்திருக்கிறேன். சிலர் யூடியூபில் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள், அது எனக்குத் தெரியும். விடை வரவில்லை என்றாலும், எந்த வரியில் நின்றுவிட்டோம் என்பதை எழுதிக்கொண்டு வருகிற நோட்டுகளையே நான் முதலில் வாங்கிப் பார்க்கிறேன்.