சோலார் வீடு வாடகைக்கு எடுக்கிறீர்களா? பேட்டரியைப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்

முழுஆண்டுத் தேர்வு முடிந்ததும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடலோரம் எங்கேயாவது போகலாம் என்று ஈ.சி.ஆரில் வீடு தேடினோம். கோவளம், மாமல்லபுரம் பக்கமெல்லாம் விடுமுறை வாடகை கைக்கு எட்டவில்லை. கல்பாக்கம் தாண்டி, பாலாற்றுப் பாலத்துக்கு அப்பால், முதலியார்குப்பம் போகும் வழியில் சவுக்குத் தோப்புக்குள் ஒரு வீடு கிடைத்தது. ஈ.பி. லைனே கிடையாது, எல்லாம் சோலார். வாடகையை முழுதாக முன்னாலேயே கட்டி, 10,000 ரூபாய் அட்வான்ஸும் கொடுத்தோம். ஆதார் நகல், கையெழுத்து, சாவி எல்லாம் பிரச்சினையில்லாமல் முடிந்தன.

வீட்டைக் காட்டிய ஏஜெண்ட் எங்களைக் கூட்டிப்போனது காலை பதினொரு மணிக்கு. வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. ஃபேன் சுற்றியது, ஃபிரிட்ஜ் ஓடியது, மோட்டார் தண்ணீரை ஏற்றியது. "சார், இங்க கரண்ட் கட்டே கிடையாது, சிட்டியை விட நல்லா இருக்கும்" என்றார். அம்மாவுக்கு இன்சுலின் வைக்க ஃபிரிட்ஜ் இரவெல்லாம் ஓட வேண்டும் என்று தெளிவாகச் சொன்னோம். "எல்லாமே ஓடும் சார், மிக்ஸிகூட ஓடும்" என்று வாட்ஸ்அப்பிலேயே பதில் போட்டார்.

முதல் நாள் இரவு பத்தரைக்கு இன்வெர்ட்டர் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் மொத்தமும் அணைந்துவிட்டது. ஏப்ரல் மாதம், கடல் காற்றும் விழுந்துவிட்டது. கொசு வேறு. ஏஜெண்ட் போனை எடுக்கவில்லை. சிக்னலும் மொட்டை மாடியில் ஒரு மூலையில்தான் வந்தது.

அந்த நேரத்தில் கைகொடுத்தவர் வாட்ச்மேன் அண்ணன். டார்ச்சோடு வந்து பேட்டரி அறையைத் திறந்து காட்டினார். நான்கு 150 ஆம்பியர்-ஹவர் பேட்டரிகள், வரிசையாகக் கோத்தவை. அதில் ஒன்றின் மேல் இருந்த, தண்ணீர் அளவைக் காட்டும் மிதவைகள் எல்லாம் சிவப்பில். டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றி மாதக்கணக்காகியிருக்கும் என்றார். டெர்மினலில் பச்சையாகப் பூத்திருந்தது. உப்புக் காற்றில் வாசலின் தடவாமல் விட்டால் அப்படித்தான் ஆகும். வரிசைத் தொடர்பில் ஒரு பேட்டரி படுத்தால் மற்ற மூன்றும் நன்றாக இருந்தும் பயனில்லை. "நான் ஓனர்கிட்ட சொல்லிட்டுத்தான் சார் இருக்கேன், சீசன் முடியட்டும்ங்கறாங்க" என்று வருத்தப்பட்டார். அங்கேயே அவர் முன்னால் மிதவையையும் இன்வெர்ட்டர் டிஸ்பிளேவையும் போட்டோ எடுத்து வைத்தேன்.

இன்சுலின் டப்பாவை ஒரு பாலிதீன் பையில் கட்டி, வாட்ச்மேன் வீட்டு மண்பானைத் தண்ணீரில் இறக்கி வைத்தோம். நன்றாகவே தாங்கியது. சர்க்கரை நோயாளிகளைக் கூட்டிப்போகிறவர்கள் பானையோ, ஐஸ் பெட்டியோ கையோடு கொண்டு போங்கள்.

காலையில் இன்னொன்று தெரிந்தது. மேற்குப் பக்கத் தென்னை ஓலையின் நிழல் மதியத்துக்கு மேல் ஒரு பேனல் மீது விழுகிறது. ஒரு பேனலில் நிழல் பட்டாலும் அதோடு கோத்த மற்ற பேனல்களின் உற்பத்தியும் விழுந்துவிடும். போதாததற்கு, கண்ணாடி மேல் உப்பும் புழுதியும் படிந்திருந்தன. வாட்ச்மேன் அண்ணன் ஓலையை வெட்டினார், நாங்கள் வெயில் ஏறும் முன் பேனலைக் கழுவினோம். பழுதான பேட்டரிக்கு டிஸ்டில்ட் வாட்டரும் ஊற்றினோம். அன்று இரவு ஒரு மணி வரை ஓடியது, அவ்வளவுதான்.

கணக்கு ஒன்றும் சிரமமில்லை. 2 கிலோவாட் பேனல் நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு எட்டு யூனிட் போலத் தரும். நான்கு 150 ஆம்பியர் பேட்டரியில் ஏழு யூனிட் இருக்கும், ஆனால் பாதிக்கு மேல் இறக்கினால் பேட்டரி சீக்கிரம் கெட்டுவிடும். பழைய சீலிங் ஃபேன் 75 வாட். நான்கு ஃபேன் பத்து மணி நேரம் ஓடினாலே மூன்று யூனிட் போய்விடும். அதோடு ஃபிரிட்ஜையும் சேர்த்தால் நல்ல பேட்டரிக்கே இழுபறிதான். கரண்ட் குறைவாக இழுக்கும் பி.எல்.டி.சி. வகை ஃபேன் என்றால் பாதிக்கும் குறைவு, அது இருக்கிறதா என்று கேளுங்கள். ஏ.சி.யைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

ஆகவே வீடு பார்க்கப் பகலில் போகாதீர்கள். பகலில் பேனலே எல்லாவற்றையும் ஓட்டிவிடும், பேட்டரியின் லட்சணம் தெரியாது. இருட்டி ஒரு மணி நேரம் ஆன பிறகு ஃபேன்களைப் போட்டுவிட்டு இன்வெர்ட்டர் டிஸ்பிளேயைப் பாருங்கள். இதுபோல் நான்கு 12 வோல்ட் பேட்டரிகளைக் கோத்த 48 வோல்ட் அமைப்பில் எண் 50க்கு அருகில் நிற்க வேண்டும். கண்ணெதிரே 48க்குக் கீழே சரிந்தால் அந்த வீடு வேண்டாம். பேட்டரியின் மேல் உள்ள தயாரிப்புத் தேதியையும் படித்துவிடுங்கள்.

தண்ணீர் விஷயம் சுருக்கமாக: போர் தண்ணீர் உப்பு, குளிக்க மட்டும்தான். குடிக்க 20 லிட்டர் கேன்களை ஈ.சி.ஆர். மேலேயே வாங்கி ஏற்றிக்கொள்ளுங்கள். மோட்டாரை பதினொன்றிலிருந்து இரண்டுக்குள் போட்டு டேங்கை நிரப்பிவிட வேண்டும். மிக்ஸி இல்லாமல் அம்மியில் அரைத்து அம்மா வைத்த சங்கரா மீன் குழம்பு மட்டும் அந்தப் பயணத்தின் பெரிய சந்தோஷம்.

சாவியைத் திருப்பிக் கொடுத்தபோதுதான் பெரிய சண்டை. "நீங்க ஓவர்லோட் பண்ணி பேட்டரியைக் கெடுத்துட்டீங்க" என்று 6,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டார் ஏஜெண்ட். முதல் இரவே எடுத்த போட்டோ, அதில் தேதியும் நேரமும், மிக்ஸிகூட ஓடும் என்ற அவருடைய மெசேஜ், எல்லாவற்றையும் ஓனருக்கும் சேர்த்து அனுப்பினேன். நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுப்பேன் என்றும் எழுதினேன். அதற்கப்புறம்தான் ஓனரே பேசினார். பணம் இரண்டு தவணையாக முழுதும் வந்துவிட்டது.

கரண்ட் இல்லாத இரவுகளின் வாடகை மட்டும் வரவில்லை. ஒப்பந்தத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை என்கிறார்கள். அதனால் கையெழுத்துப் போடும் முன் அந்த வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள்: இரவில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் மின்சாரம் நின்றால் அன்றைய வாடகை திருப்பித் தரப்படும் என்று.