இஸ்கூலும் எக்கோலும்

ஆங்கில இலக்கியம் படிக்க வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இலக்கியத்துக்காக வருவதில்லை. கடலூர் மாவட்டத்தில் ஒரு கலைக் கல்லூரியில் ஆங்கிலத் துறையில் வேலை பார்க்கிறேன். வகுப்பு தொடங்கிய முதல் வாரத்தில் யாராவது ஒரு பெண் தயங்கித் தயங்கி வந்து கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான். "மேம், இதைப் படிச்சா இங்கிலீஷ் பேச வந்துடுமா?"

பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி, பரங்கிப்பேட்டை என்று எங்கெங்கிருந்தோ பஸ் ஏறி வருகிற பிள்ளைகள். பெரும்பாலும் அரசுப் பள்ளி, தமிழ் வழி. 2022 செப்டம்பரில் புதுமைப் பெண் திட்டம் தொடங்கி மாதம் 1000 ரூபாய் கணக்கில் விழ ஆரம்பித்த பிறகு, பேனாவுக்கும் ஜெராக்ஸுக்கும் வீட்டில் கேட்க வேண்டியதில்லை என்று பெண்கள் சொல்கிறார்கள். 2024இல் பையன்களுக்கும் தமிழ்ப் புதல்வன் வந்துவிட்டது. வீட்டிலேயே முதல் ஆளாகக் கல்லூரிப் படி ஏறுகிறவர்களுக்கு இது சின்னத் தொகையில்லை.

இப்படி வந்தவர்கள் கையில் நாங்கள் சீக்கிரமே கொடுப்பது கவிஞர் சாசரை. 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலம். இங்கிலாந்துப் பிள்ளைகளே அருஞ்சொற்பொருள் வைத்துக்கொண்டு படிப்பது. பேச வருமா என்று கேட்டவளுக்கு, இன்று உலகத்தில் யாருமே பேசாத ஆங்கிலத்தைக் கொடுத்து மனப்பாடம் செய் என்றால் அவள் என்ன செய்வாள்? பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடைக்குப் போவாள். அங்கே எல்லாப் பேப்பருக்கும் நோட்ஸ் உண்டு. இலக்கிய வகுப்பில் அவள் மூன்று வருடமும் கடன் வாங்கியே காலம் தள்ளுகிறாள். கவிதையை ரசித்ததாக எழுத வேண்டும், ரசித்தது யாரோ ஒரு கைடு ஆசிரியர்.

அப்புறம் ஒரு செமஸ்டரில் மொழியியலும் ஒலியியலும் வரும். சீனியர்கள் முன்கூட்டியே கிலி கிளப்பி வைத்திருப்பார்கள், அதில் அரியர் நிச்சயம் என்று. கரும்பலகையில் ஒலிக்குறிகளை எழுதினால் நண்டு ஊர்ந்த தடம் போல இருக்கிறதே என்று முகம் சுளிக்கிறார்கள். எழுத்து 26தான், ஆனால் பாடப்புத்தகம் சொல்லும் பிரிட்டிஷ் உச்சரிப்பில் ஒலிகள் 44. உயிரொலி 20, மெய்யொலி 24. இந்தக் கணக்கைச் சொன்னதுமே பாதி வகுப்புக்குத் தலை சுற்றும். ஆனால் இத்தனை வருடத்தில் நான் பார்த்தது, தமிழ் வழியில் வந்த பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்வது இந்தப் பேப்பரில்தான். இங்கே அவர்களிடம் சொந்த முதல் இருக்கிறது.

முதலில் ஃபேனை நிறுத்தச் சொல்வேன். கடலூர் வெயிலில் அது லேசில் நடக்காது, முனகல் கிளம்பும். நோட்டிலிருந்து ஒரு விரல் அகலத்துக்குத் தாளைக் கிழித்து உதட்டுக்கு முன்னால் தொங்கவிடச் சொல்வேன். குண்டூசியைக் குறிக்கும் 'பின்' என்ற சொல்லை ஆங்கிலேயர் சொல்வது போல நான் சொன்னால் தாள் படக்கென்று விலகும். 'ஸ்பின்' என்றால் அசையாது. இரண்டிலும் இருப்பது அதே எழுத்துதான், முதலாவதில் மூச்சு சேர்ந்து வருகிறது, இரண்டாவதில் வருவதில்லை. இப்போது நீங்கள் சொல்லுங்கள் என்றால், வகுப்பு முழுக்கத் தாள்கள் அப்படியே தொங்கும். ஒன்றும் ஆடாது. தமிழில் பல், பால், பழம் எதற்கும் அந்த மூச்சு கிடையாது, அதனால் நாம் சொல்லும் ஆங்கிலத்திலும் இல்லை. ஆங்கிலேயர் காதுக்கு நம் 'பின்' குப்பைத்தொட்டியைக் குறிக்கும் 'பின்' ஆகக் கேட்டாலும் கேட்கும். ஏன் நம் உச்சரிப்பு வேறு மாதிரி இருக்கிறது என்பதற்கு முதன்முறையாக ஒரு காரணம் கிடைக்கிறது. அதுவரை அவர்களுக்குக் கிடைத்ததெல்லாம் சிரிப்பு மட்டும்தான்.

அடுத்தது கழுத்தில் கை. 'ஃபேன்' என்று தொடங்கினால் தொண்டை அதிராது, 'வேன்' என்று தொடங்கினால் அதிரும். சரி, இப்போது 'பம்பரம்' சொல்லுங்கள் என்பேன். முதல் ப அதிரவில்லை, இரண்டாவது அதிர்கிறது. பிறந்ததிலிருந்து சொல்லி வரும் வார்த்தையில் ஒரே எழுத்துக்கு இரண்டு ஒலி இருப்பது அப்போதுதான் தெரிகிறது. மெல்லினத்துக்குப் பின்னால் வரும் வல்லினம் அதிரும் என்று நான் சொல்வதற்குள், பின் பெஞ்சிலிருந்து "பந்து, சங்கு, வண்டு" என்று வரிசையாக வரும்.

இதை நான் தனியாக ஓட்டவில்லை. எங்கள் கட்டடத்துக்கு எதிரே தமிழ்த் துறை. இரண்டு துறைகளுக்கும் நடுவே ஒரு வேப்பமரம் மட்டும்தான், ஆனாலும் போக்குவரத்து கிடையாது. ஒருநாள் ஒரு சந்தேகம் கேட்கப் போய், ஐயாவை வகுப்புக்கே வரச் சொல்லிக் கூப்பிட்டேன். வேட்டியோடு வந்தவர், நான் பலகையில் ஒட்டியிருந்த வாய், தொண்டைப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தொல்காப்பியப் பிறப்பியலைத் திறந்தார். கொப்பூழிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகியவற்றில் நின்று, பல், இதழ், நாக்கு, மூக்கு, அண்ணம் வழியாக எழுத்தாக வருவதை, எட்டு இடங்களையும் படத்தில் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். மூக்கு வந்ததும் ஒருத்தி மூக்கைப் பிடித்துக்கொண்டு 'மாமா' சொல்லிப் பார்த்தாள். 'பாபா' என்று வந்தது. ஐயாவுக்கே சிரிப்பு தாங்கவில்லை. கிளம்பும்போது "அடுத்த வாரமும் பீரியட் இருக்காம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் போனார்.

குற்றியலுகரம் தொடங்கியது அந்த அடுத்த வாரம்தான். 'புக்கு', 'கப்பு', 'ரோடு', 'பேங்கு' என்று உகரம் சேர்த்துப் பேசுவதைக் கேட்டால் ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டரில் ஃபைன் போடுவார்களாம். ஒரு பையன் சொன்னான், சொல்லுக்கு ஒரு ரூபாய் என்று. அந்தப் பட்டியலை அப்படியே பலகையில் எழுதினோம். வல்லின மெய்யில் தமிழ்ச் சொல் முடியாது, அதனால் ஓர் உகரம் வந்து தாங்குகிறது. அதுவும் கண்டபடி வருவதில்லை. 'ரோடு' நெடில்தொடர், 'கப்பு' வன்தொடர், 'பேங்கு' மென்தொடர், 'போர்டு' இடைத்தொடர். பள்ளித் தமிழில் படித்ததைப் பிள்ளைகள் கடகடவென்று பிரித்துக் கொடுத்தார்கள். வகுப்பிலேயே நன்றாக ஆங்கிலம் பேசுகிறவள் பாண்டியில் பிரெஞ்சை இரண்டாம் மொழியாக எடுத்து மார்க் வாங்கி வந்தவள். அவள் பக்கத்திலிருந்த குறிஞ்சிப்பாடிக்காரியிடம் "வன்தொடர்னா என்னடி?" என்று கேட்டு எழுதிக்கொண்டாள். அந்த அறையில் அப்படி ஒரு கேள்வி அந்தத் திசையில் போனதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அன்றைக்கு நடந்ததில் எனக்கு இன்னும் பிடித்தது வேறு. போட்டுக்கொள்ளும் கோட்டுக்கு 'கோட்டு' என்கிறோம். கம்ப்யூட்டரில் எழுதும் கோடுக்கு 'கோடு' என்கிறோம். ஒன்றில் ட் இரட்டிக்கிறது, மற்றதில் இல்லை. ஏன்? ஆங்கிலத்தில் அந்த இரண்டு சொல்லுக்கும் கடைசி ஒலியில்தான் வித்தியாசம், ஒன்று அதிராதது, ஒன்று அதிர்வது. தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்துதான். ஆனால் உயிருக்கு நடுவே தனியாக வரும் ட அதிரும், இரட்டித்தால் அதிராது. எனவே யாரும் சொல்லிக் கொடுக்காமலே, ஆங்கிலத்தில் இருக்கும் வித்தியாசத்தைத் தமிழ் வாய் தன் வழியில் பத்திரமாக வைத்திருக்கிறது. இதைப் பலகையில் போட்டுக் காட்டியதும் அந்த ஃபைன் கட்டிய பையன் எழுந்து, "அப்போ என் காசைத் திருப்பிக் கேக்கலாமா மேம்?" என்றான்.

நான் எம்.ஏ. படித்தது பாண்டியில். மஞ்சக்குப்பத்தில் பஸ் பிடித்தால் ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில், அரியாங்குப்பம் தாண்டிப் போய்ச் சேர வேண்டும். அங்கே எங்கள் வகுப்பில் லிசே என்ற பிரெஞ்சுப் பள்ளியில் படித்த ஒருத்தி இருந்தாள். அவள் தாத்தா பிரெஞ்சுப் படையில் இருந்து பென்ஷன் வாங்கியவர், பாண்டி வழக்கில் சொல்தா. மொழியியல் அறிஞர் சசூரின் பெயரை எங்களில் ஒழுங்காக உச்சரித்தவள் அவள் ஒருத்திதான். மற்றவர்கள் வாயில் அது சாஸர், சவுசர் என்று பலவிதம். (சசூர் 1913இல் இறந்துவிட்டார். 1916இல் அவர் பெயரில் வந்த புகழ்பெற்ற நூல் மாணவர்களின் வகுப்புக் குறிப்புகளைச் சேர்த்துத் தொகுத்தது. தொகுத்த இருவருமே அந்த வகுப்புகளில் உட்காராதவர்கள். ஜெராக்ஸ் நோட்ஸைப் பற்றி நான் அளவோடுதான் திட்டுவேன்.)

'இஸ்கூல்' என்பதை வைத்து என் பிள்ளைகளை யாராவது கிண்டல் செய்யும்போது அந்த லிசேக்காரி சொன்ன ஒன்றைத்தான் எடுத்து வைக்கிறேன். சொல்லின் தொடக்கத்தில் இரண்டு மெய் சேர்ந்து வருவது தமிழுக்கு ஒத்துக்கொள்ளாது, எனவே முன்னால் ஓர் இகரம். பள்ளியைக் குறிக்கும் லத்தீனின் 'ஸ்கோலா' பழைய பிரெஞ்சுக்குப் போனபோது அங்கும் இதே சங்கடம். அவர்கள் முன்னால் ஓர் எகரம் வைத்து 'எஸ்கோல்' ஆக்கினார்கள், பிறகு ஸ் தேய்ந்து இன்றைய 'எக்கோல்' ஆனது. ஸ்பானியரும் அப்படியே 'எஸ்குவேலா' என்கிறார்கள். பாண்டியில் 'எக்கோல்' என்று போர்டு வைத்தால் மரியாதை, பாகூரிலிருந்து வரும் பாட்டி 'இஸ்கூல்' என்றால் சிரிப்பு. ஒலியின் கணக்கில் இரண்டும் ஒரே வேலை. மரியாதையின் கணக்கை மொழியியல் பேப்பரில் கேட்பதில்லை, ஆனால் நான் நடத்திவிடுவேன்.

இந்தப் பேப்பர் முடிந்த பிறகு இலக்கிய வகுப்பிலும் கொஞ்சம் மாற்றம் தெரிகிறது. கோல்ரிட்ஜின் மாலுமிக் கவிதையில் காற்று நின்று கப்பல் அசையாமல் கிடக்கும் இடம் நடத்திக்கொண்டிருந்தேன். வழக்கமாகத் தலையைத் தூக்காத ஒரு மீனவக் குடும்பத்துப் பையன், "காத்து படுத்துடுச்சுன்னு சொல்லுவாங்க மேம் எங்க வீட்ல" என்றான். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று திசைக்கு ஒரு பெயர் சொன்னான். எதற்கு எந்த மீன் என்பதுவரை போனான். அன்று கைடு யாருக்கும் தேவைப்படவில்லை.

தேவனாம்பட்டினத்துக்கு அவர்களைக் கூட்டிப் போவதும் உண்டு. சில்வர் பீச்சில் செல்ஃபி எடுக்கிறவர்களில் பலருக்குப் பக்கத்தில்தான் செயின்ட் டேவிட் கோட்டை இருந்தது என்று தெரியாது. 1690இல் மராட்டியரிடம் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் விலைக்கு வாங்கியது. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு விழும் தூரம் வரையுள்ள ஊர்களும் சேர்த்தி. சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன பிறகு, 1752 வரை கம்பெனிக்குத் தெற்கில் தலைமையிடமே இதுதான். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி பாண்டியிலிருந்து வந்து இடித்துத் தள்ளினான். ஆங்கிலம் இந்தக் கரையில் எப்படி இறங்கியது என்பதைப் பார்த்துவிட்டு வந்தால், ஆக்ஸ்போர்டில் ஆங்கில இலக்கியத்துக்குத் தனி ஆனர்ஸ் படிப்பு 1894இல்தான் வந்தது, கேம்பிரிட்ஜில் 1917இல் என்பது உறைக்கும். அதற்கெல்லாம் முன்பே இங்கே நம் ஆட்கள் ஷேக்ஸ்பியரையும் மில்டனையும் பரீட்சைக்கு உருப்போட்டுக்கொண்டிருந்தார்கள். இந்தப் பாடம் நமக்கு அந்நியம் என்று யாராவது பம்மினால் இதைச் சொல்வேன்.

பேச வருமா என்ற கேள்விக்கு என்னிடம் இருக்கும் நேர்மையான பதில், இந்தப் பட்டத்தால் மட்டும் வராது என்பதுதான். படித்தவர்களில் சிலர் பி.எட். போகிறார்கள், சிலர் டி.என்.பி.எஸ்.சி. எழுதுகிறார்கள், சிலர் பாண்டியில் கால் சென்டருக்குப் போகிறார்கள். ஆனால் தன் உச்சரிப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தவள், பேசும்போது வாயைப் பொத்திக்கொள்வதில்லை. பேச்சு அதற்கப்புறம்தான் வருகிறது. அதனால்தான் இந்தப் பேப்பரை முதல் செமஸ்டருக்கே கொண்டுவர வேண்டும் என்று பாடத்திட்டக் கூட்டங்களில் கேட்டு வருகிறேன். முதலில் இலக்கியச் சுவை வரட்டும் என்கிறார்கள் மூத்தவர்கள். யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும், முதலாண்டுப் பொது ஆங்கில வகுப்பில் ஃபேனை நிறுத்தித் தாளைக் கிழிப்பது நடந்துகொண்டுதான் இருக்கிறது.

இந்த வருடத்து மூன்றாமாண்டில் ஒரு தகராறு ஓடுகிறது. கோட்டு, கோடு கணக்கைக் கேட்ட ஒருத்தி, "அப்போ பெட்டு?" என்றாள். படுக்கைக்கும் பெட்டு, பந்தயத்துக்கும் பெட்டு. எழுதினால் ஒன்றுதான். கழுத்தில் கை வைத்துச் சொல்லிப் பார்த்தார்கள். படுக்கையில் வரும் 'ட்டு' அதிர்கிறது. இரட்டித்தால் அதிராது என்ற விதி அங்கே உடைகிறது. 'ரெட்டு', முட்டையைச் சொல்லும் 'எக்கு', தண்ணீர் பிடிக்கும் 'டப்பு' என்று இன்னும் சேர்த்துவிட்டார்கள். பட்டியலோடு வேப்பமரத்தைத் தாண்டிப் போனவர்களிடம் ஐயா சொல்லி அனுப்பியிருக்கிறார்: "இது நன்னூலுக்கு அப்புறம் வந்த சமாச்சாரம். நீங்களே ஒரு சூத்திரம் எழுதிட்டு வாங்க." ஆங்கில இலக்கியம் படிக்கும் நாலு பேர் மதியச் சாப்பாட்டு நேரத்தில் நூற்பா எழுதிக்கொண்டிருக்கிறார்கள். முதல் அடி வந்துவிட்டது. இரண்டாவது அடிக்கு எதுகை கிடைக்காமல் என்னிடம் வந்து நிற்கிறார்கள்.