சேலைனும் நுரையீரலும்

மலையகத்து வைத்தியசாலை ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவில் பதினொரு வருடங்களாகத் தாதியாக வேலை செய்கிறேன். பனி இறங்கிய இரவுகளில் தோட்டத்து வளைவுப் பாதைகளில் அம்புலன்ஸ் ஊர்ந்துதான் வரும் என்பதால், விபத்தில் சிக்கியவர் எங்கள் கட்டிலுக்கு வந்து சேர்வதற்குள் இரத்தம் வடிந்து, பிரஷர் விழுந்து, கைகால்கள் சில்லிட்டுப் போயிருக்கும். இந்த நிலையைத்தான் நாங்கள் ஷொக் என்கிறோம்.

சில வருடங்களுக்கு முன் அப்படி வந்த ஓர் இளைஞரின் மூளைச்சாவு, அதாவது மூளை மீளமுடியாதபடி முற்றாகச் செயலிழந்த நிலை, உறுதி செய்யப்பட்டது. மூளைச்சாவையும் இறப்பாக ஏற்கும் சட்டம் இலங்கையில் 1987 முதல் இருக்கிறது. ஆனால் கட்டிலருகே நிற்கும் தாய்க்குச் சட்டம் எதையும் விளக்குவதில்லை. "நெஞ்சு ஏறி எறங்குதே மிஸ், அப்புறம் எப்படி இல்லைங்கிறீங்க?" என்று கேட்டவர், மறுநாள் காலையில் உறுப்புகளைக் கொடையாகக் கொடுக்கத் தாமாகவே சம்மதம் சொன்னார். சிறுநீரகங்கள் இரண்டும் பயன்பட்டன. நுரையீரலைப் பற்றி எவரும் பேச்செடுக்கவில்லை, ஏனெனில் செயற்கைச் சுவாசம் கொடுக்கும் வென்டிலேட்டரின் குழாயில், நுரையீரலில் நீர் கோத்ததன் அடையாளமாக இளஞ்சிவப்பு நுரை ஏறியிருந்தது.

அந்த நுரையில் எங்கள் கைவேலையும் இருந்தது. ஷொக்கில் இரத்த ஓட்டம் குன்றும்போது நுரையீரலின் நுண்குழாய்களினுடைய உட்சுவர் பழுதுபடுகிறது. ஓட்டம் திரும்பியதும் வெள்ளணுக்கள் அங்கே ஒட்டிக்கொண்டு அழற்சியை மூட்ட, சுவர் கசியத் தொடங்குகிறது. அப்படிக் கசியும் குழாய்க்குள் நாங்கள் போத்தல் போத்தலாகச் சேலைனை ஏற்றினோம். உயிரைப் பிடித்து நிறுத்த முதல் மணித்தியாலங்களில் அது தேவைப்பட்டது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மூளைச்சாவுக்குப் பின்னரும் சிறுநீரகங்களை எண்ணியே தொடர்ந்து ஏற்றினோம். சிறுநீரகம் நீரைக் கேட்கும், நுரையீரலோ வறட்சியைக் கேட்கும். ஒரே உடலில் இரண்டையும் காப்பாற்ற மணிக்கு மணி அளந்து கொடுக்க வேண்டும். அன்று நாங்கள் அளக்கவில்லை.

வென்டிலேட்டரிலும் அதே கவனக்குறைவுதான். ஐரோப்பிய வைத்தியசாலைகள் சிலவற்றில் நடந்து 2010இல் வெளியான ஓர் ஆய்வில், கொடையாளிகளுக்கு உயரத்தை வைத்துக் கணித்த எடையில் கிலோவுக்கு 6 முதல் 8 மில்லிலீற்றர் மூச்சு மட்டுமே கொடுத்து, மூச்சின் முடிவிலும் நுரையீரல் சுருங்கிவிடாதபடி அமுக்கத்தை 8 முதல் 10 சென்ரிமீற்றர் நீரளவில் நிறுத்தி வைத்தார்கள். வழக்கமான முறையில் 27 சதவீதமானோரிடமிருந்தே நுரையீரல் எடுக்க முடிந்தது; இம்முறையில் அது 54 சதவீதமானது. புதிய மருந்து எதுவும் இல்லை, வென்டிலேட்டரைக் கையாண்ட விதம்தான் வித்தியாசம்.

இதையும் மீறிப் பழுதான நுரையீரலை உடலுக்கு வெளியே தேற்றும் வழியும் உண்டு. சுவீடனின் லுண்ட் நகரில் ஸ்டிக் ஸ்டீன் குழுவினர் 2000இல் வெளியே வைத்துச் சோதித்த நுரையீரலை ஒருவருக்குப் பொருத்தினார்கள். கண்ணாடிக் கூண்டு போன்ற ஒன்றுக்குள் 37 பாகை வெப்பத்தில், நிமிடத்துக்கு ஏழு மூச்சு மெல்லக் கொடுத்து, அல்புமின் என்ற புரதமும் டெக்ஸ்ட்ரான் என்ற சர்க்கரைச் சேர்மமும் கலந்த திரவத்தை அதனூடாக ஓட விடுகிறார்கள். அத்திரவம் திசுவில் தேங்கிய நீரைக் குழாய்க்குள் இழுத்துக்கொள்கிறது. நாங்கள் ஏற்றியதை அது இறக்குகிறது என்று நினைத்துக்கொள்வேன். டொரொண்டோவில் இப்படி நான்கு மணித்தியாலம் வைத்துப் பார்த்த, முதலில் ஐயத்துக்குரியவையாக இருந்த 23 கொடையாளிகளின் நுரையீரல்களில் 20 பொருத்தப்பட்டதாக 2011இல் எழுதினார்கள். அழற்சியைத் தணிக்கும் மருந்துகளை அத்திரவத்திலேயே கலந்து கொடுக்கும் ஆய்வுகளும் நடக்கின்றன.

எங்களிடம் அந்த இயந்திரம் இல்லை. சளி உறிஞ்ச வென்டிலேட்டர் குழாயை ஒருமுறை கழற்றினாலே நுரையீரல் சுருங்கிவிடும் என்பதால், கழற்றாமலே உறிஞ்சும் குழாயைக் கேட்டு எழுதினோம். அது வரும் வரையில், கழற்றும் முன் குழாயைக் கௌவிப் பிடிக்க ஒரு கிளாம்பைக் கட்டிலின் தலைமாட்டில் நூலால் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். சேலைன் கணக்கை மணிக்கொருமுறை சிவப்புப் பேனையால் எழுதுகிறோம்.