வெள்ளவத்தை சீலிங்குக்குள்ள வேர்த்த டக்ட்

போன வருசம் மழை ஓய்ஞ்ச பிறகும் கொழும்பு வெள்ளவத்தையில எங்கட பிளாட் ஹோல் சீலிங்கில ஒரு மண்ணிறக் கறை விரிஞ்சுகொண்டே போச்சு. மேல் வீட்டுக்காரரோட கதைச்சு, அவையின்ட பாத்ரூம் குழாயெல்லாம் செக் பண்ணி, ஒண்டும் பிழையில்லை. கடைசியில ஏசி திருத்துற தம்பி ஏணி வச்சு ஏறி ஜிப்சம் போர்ட்டில ஒரு சதுரம் வெட்டி டோர்ச் அடிச்சுப் பாத்திட்டு, "அக்கா, இது ஒழுக்கு இல்லை, உங்கட டக்ட் வேர்க்குது" எண்டார். டக்ட் எண்டா ஏசிக் காத்தை அறையளுக்குக் கொண்டுபோற குழாய்.

ஃபிரிட்ஜில இருந்து எடுத்த சோடாப் போத்தல் மேசையில நிண்டா சுத்திவரத் தண்ணி கோக்குமெல்லோ, அதேதான். கொழும்பில 30 பாகை வெக்கை, ஈரப்பதன் 75 சதவீதம் எண்டு வச்சா, 25 பாகைக்குக் கீழ குளிர்ந்த எதிலயும் காத்தில இருக்கிற ஈரம் தண்ணியாப் படியும். ஏசியில இருந்து டக்டுக்குள்ள போற காத்து 13, 14 பாகைதான். அப்ப வெறும் தகரம் வேர்க்காம என்ன செய்யும்?

இதில பிழை எங்களிலயும் இருக்கு. ஏசி பூட்டேக்க ரொறன்ரோவில இருக்கிற அத்தான் வீடியோ கோல் எடுத்துத் தன்ட பேஸ்மண்டைக் காட்டினவர், முழுக்க வெறும் கல்வனைஸ் தகர டக்ட், மேல சூடு தடுக்கிற இன்சுலேஷன் ஒரு சுத்தும் இல்லை, "இவ்வளவும் போதும், வீணாக் காசு குடுக்காதேங்கோ" எண்டார். அவற்ற வீட்டுக்கு அது சரி. அங்க வீட்டைச் சூடாக்கிற ஃபர்னஸ் பேஸ்மண்டிலதான் இருக்கு, அதே டக்டாலதான் மாரியில சூடு, கோடையில குளிர் போகும், வழியில கொஞ்சம் சூடு கசிஞ்சாலும் அது வீட்டுக்குள்ளதானே நிக்கும். அங்கயே டக்ட் கூரைக்குக் கீழ இருக்கிற அட்டிக்கால போனா தடிப்பா இன்சுலேஷன் சுத்தித்தான் ஆகோணும். எங்களுக்கோ சூடாக்கிற தேவையே இல்லை, சீலிங்குக்கு மேல கடல் ஈரம் வந்து நிக்குது. குளிர்நாட்டு யோசனையை வெள்ளவத்தைக்குக் கொண்டு வந்ததுதான் பிழை, வேலை செய்த ஆக்களும் அந்தநேரம் வேண்டாமெண்டு ஒரு சொல் சொல்லேல்லை, அது எனக்கு இப்பவும் கவலைதான்.

அதுக்குப் பிறகு நான் இதைப்பற்றிக் கனக்கத் தேடி வாசிச்சன். கல்வனைஸ் தகரம் நல்ல பொருள்தான், துத்தநாகப் பூச்சு இருக்கிறதால கெதியில கறள் பிடிக்காது, உள்ளுக்கு வழுவழுப்பு எண்டதால காத்து லேசாப் போகும், தூசியையும் துடைக்கலாம். வட்டமாப் போட்டா இன்னும் நல்லம். 12 இஞ்ச் வட்டக் குழாயிலயும் 19க்கு 6 இஞ்ச் பெட்டிக் குழாயிலயும் காத்துப் போற இடம் கிட்டத்தட்ட ஒண்டுதான், ஆனா சுத்தளவு வட்டத்துக்கு 38 இஞ்ச், பெட்டிக்கு 50. தகரமும் கூட, உராய்வும் கூட, வேர்க்கிற பரப்பும் கூட. ஆனா எங்கட பிளாட் சீலிங்குக்கு மேல 12 இஞ்ச் உயரம் எங்க இருக்கு, பெட்டிதான் போடலாம்.

ஃபிளெக்ஸ் டக்ட் எண்டது கம்பிச் சுருள், உள்ளுக்கு மெல்லிய பிளாஸ்டிக், சுத்திக் கிளாஸ்வூல் எண்ட கண்ணாடிப் பஞ்சு, வெளியில ஃபோயில் உறை. மலிவு, வளையும், ஒரு நாளில வேலை முடியும். ஆனா இழுத்து விறைப்பாக் கட்டோணும், தொய்ஞ்சு கிடந்தாலோ மடிஞ்சாலோ காத்து பாதிதான் வரும். வெளி ஃபோயில் ஒரு இடத்தில கிழிஞ்சாலே ஈரம் உள்ளுக்குப் போய் கிளாஸ்வூல் ஊறும், ஊறின கிளாஸ்வூல் சூட்டைத் தடுக்காது. எங்கட அறைக்குப் போறது அப்பிடித்தான் கிழிஞ்சு, பஞ்சு மாதிரித் தொங்கிக்கொண்டு கிடந்தது.

கண்ணாடி நார் போர்ட்டால செய்யிற டக்டும் இருக்கு, சத்தத்தை நல்லா உறிஞ்சும், ஆனா நனைஞ்சா பூஞ்சணம் பிடிக்கும், உரசிக் கழுவவும் ஏலாது, எங்கட காலநிலைக்கு எனக்கு மனம் ஒப்பேல்லை. ரெண்டு பக்கமும் அலுமினியத் தாள் ஒட்டி நடுவில நுரை வச்ச பேனலும் வருது, பாரம் குறைவு, இன்சுலேஷன் அதோடயே சேர்ந்திருக்கு, விலைதான் கூட. துணி டக்ட் மண்டபங்களுக்கு, வீட்டுக்கில்லை.

ஒரு விசயம் கட்டாயம் சொல்லோணும். டக்ட் டேப் எண்டு விக்கிற துணி டேப்பை டக்டுக்கு ஒட்ட விடாதேங்கோ. 1998இல அமெரிக்காவில லோறன்ஸ் பெர்க்லி ஆய்வுகூடத்தில சோதிச்சுப் பாக்க, சூட்டில கழண்டு போனது அந்த டேப்தான். மாஸ்டிக் பசை பூசோணும், இல்லாட்டி நல்ல அலுமினிய டேப். அமெரிக்க வீடுகளில டக்டால போற காத்தில 20 தொடக்கம் 30 சதவீதம் வரை மூட்டுகளாலயும் ஓட்டையாலயும் வீணாப் போகுதாம், கரண்ட் பில்லை நினைச்சுப் பாருங்கோ.

கடைசியில நாங்க தகரத்தை மாத்தேல்லை. மூட்டெல்லாம் மாஸ்டிக் பூசி, அதுக்கு மேல 25 மில்லிமீற்றர் கறுப்பு றப்பர் ஸ்பொஞ்ச் ஒட்டி, அது மூடின துளைகளால ஆனதெண்டதால ஈரம் உள்ளுக்குப் போகாது, பொருத்துகள் ஒவ்வொண்டுக்கும் பசை போட்டு மூடினம். ஃபிளெக்ஸ், காத்து அறைக்குள்ள வாற கிறில்லுக்குக் கிட்ட கடைசி நாலைஞ்சு அடிக்கு மட்டும், புதுசு, இழுத்துக் கட்டினது. தம்பி வெட்டின சதுரத்தை அடைக்க விடேல்லை, அதில ஒரு சின்னக் கதவு பூட்டுவிச்சன். மாசத்துக்கொருக்கா ஏணி வச்சு ஏறி ஸ்பொஞ்சைக் கையால தடவிப் பாக்கிறன், போன கிழமையும் காஞ்சுதான் இருந்தது.