அம்மாயியின் தங்கையும் 525,000 பேரும்

ஜூன் 3

இலங்கைத் தோட்டங்களில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழரை இரண்டு நாடுகளும் பிரித்துக்கொண்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தைப் பற்றிய கட்டுரையைத் தொடங்கிவிட்டேன். 1964 ஒக்டோபரில் கையெழுத்தானது: 525,000 பேரை இந்தியா ஏற்கும், 300,000 பேருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம். இதையே முதல் பத்தியில் போட்டால் வாசிக்கிறவர் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். அம்மாயியின் தங்கை கலியாணம் முடித்து வேறு தோட்டத்துக்குப் போனதையும், அவர் புருஷன் வீட்டார் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்ததையும், அம்மாயி வீட்டார் இங்கேயே இருக்க எழுதிக் கொடுத்ததையும் முதலில் சொன்னால், கூடப் பிறந்தவர்கள் எப்படி இரண்டு நாட்டுக்காரர் ஆனார்கள் என்று வாசகரே கேட்பார். அந்தக் கேள்வி வந்த பிறகுதான் எண் வரவேண்டும்.

ஜூன் 5

பொது நூலகம். அந்த 150,000 பேரை 1974இல் இரண்டு அரசுகளும் சரிபாதியாக, 75,000 வீதம் பிரித்துக்கொண்டன. இதற்கு விளக்கம் எழுதப் போவதில்லை. அடுத்த வரியில் அம்மாயி சொன்னது மட்டும்: "காயிதம் வரும் வரும்னு உட்கார்ந்திருந்தோம்."

ஜூன் 8

கொட்டாஞ்சேனைக்குப் போய் அம்மாயியிடம் நெடுநேரம் பேசினேன். தங்கச்சி தலைமன்னாரில் கப்பல் ஏறி தனுஷ்கோடியில் இறங்கினா என்கிறார். ஆனால் தனுஷ்கோடி 1964 டிசம்பர் புயலிலேயே அழிந்துபோனது, அதற்குப் பிறகு கப்பல் இராமேஸ்வரத்துக்குத்தான் போனது. இதைச் சத்தமில்லாமல் திருத்திவிடலாம், யாருக்கும் தெரியாது. எனக்கு மனமில்லை. தலைமன்னார் - தனுஷ்கோடி கப்பல் 1914இல் தொடங்கியது, அம்மாயியின் அப்பா அந்த வழியாகத்தான் இங்கே வந்திருக்கிறார், ஆகவே அவர் வந்த கரையிலேயே மகளும் போய் இறங்கியதாக வீட்டில் நினைவு நின்றிருக்கிறது என்பது என் ஊகம். ஊகம் என்று சொல்லியே எழுதுவேன். அம்மாயி சொன்னதும் புயலும் இரண்டும் கட்டுரையில் இருக்கும்.

ஜூன் 9

கூடலூரிலிருந்து சின்னம்மாயி போட்ட கடிதங்களில் கடன் பற்றிய பகுதி வேண்டாம் என்று அம்மா சொன்னார். சரி, எடுத்துவிட்டேன். வீட்டுக் கதைக்கு நான் மட்டும் சொந்தக்காரி இல்லையே. "இங்கேயும் கொழுந்துதான்" என்ற வரிக்குச் சம்மதித்தார். தாயகம் திரும்பியவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு 1968இல் நீலகிரியில் தேயிலைத் தோட்டம் தொடங்கிய செய்தியை அந்த வரிக்குக் கீழே வைத்தேன். தனியே நின்றபோது வெறும் தகவலாக இருந்தது, இப்போது எனக்கே வாசிக்கத் தொண்டை அடைக்கிறது.

ஜூன் 11

தோட்டத் தமிழரில் பெரும்பாலானவர்களை நாடற்றவர்களாக்கிய 1948 பிரஜாவுரிமைச் சட்டம் இல்லாமல் 1964 புரியாது. நீளமான அந்தப் பத்தியை நாலு வரியாகச் சுருக்கி, கலியாணத்துக்கு முன்னால் வைக்கிறேன்.